முதுகு ஸ்ப்ரிங்கோட மல்லுக்கட்டினது

மடக்குக் கத்தி முடிஞ்சுது. ஓம், அந்தக் கத்திதான், 2021ல தொடங்கி "இந்தா முடியுது, இந்தா முடியுது" எண்டு சொல்லிச் சொல்லி கடைசியில ஒருத்தரும் கேக்கிறதையே விட்டுட்ட அதே கத்தி. மூடினா 9 சென்ரிமீற்றர், அலகு 7க்குக் கொஞ்சம் குறைய, உள்ளுக்குப் பித்தளைத் தகடு, வெளியில பனை மரப் பிடி. சட்டைப் பொக்கெற்றுக்குள்ள போட்டா இருக்கிறதே தெரியாது. மூடின கத்தி விடுபடேக்க கையில ஒரு இழுவை, பாதியில ஒரு டக், முழுசாத் திறந்தா இன்னொரு டக். அந்த டக்குக்குத்தான் இவ்வளவு பாடும்.

ஏன் இந்த மாதிரிக் கத்தி எண்டு முதல்ல சொல்லோணும். இன்ரநெற்றில பாத்தா இப்ப எல்லாரும் லைனர் லொக், ஃபிரேம் லொக் எண்டு, திறந்தாப்பிறகு அலகு மடங்காமப் பூட்டிக்கொள்ளுற சாதிதான் செய்யினம். ஆனா இதைக் கேட்டது எங்கட அத்தான், லண்டனில இருக்கிறவர், நல்லூர்த் திருவிழாவுக்கு வாற வருஷமெல்லாம் கொழும்பில எங்கட வீட்டில தங்கிட்டுத்தான் யாழ்ப்பாணம் போவார், ஒருக்கா நான் செய்த அடுப்படிக் கத்தியைப் பாத்துட்டு "பொக்கெற்றில வைக்கிற மாதிரி எனக்கு ஒண்டு செய்து தாடா, வேலையிடத்தில ஆப்பிள் வெட்ட" எண்டார். அங்கத்தைச் சட்டம் என்னெண்டா, காரணம் ஒண்டும் சொல்லாம வெளியில கொண்டு திரியலாம் எண்டா அது மடங்கிற கத்தியா இருக்கோணும், வெட்டுற வாய் 3 இஞ்சிக்கு மேல போகக்கூடாது, திறந்தாப்பிறகு லொக் விழவும் கூடாது. லொக் விழுந்தா சட்டத்தின்ர கண்ணுக்கு அது மடக்குக் கத்தியே இல்ல. அப்ப மிச்சம் இருக்கிறது பூட்டில்லாம ஸ்ப்ரிங்கின்ர இறுக்கத்திலயே அலகு நிக்கிற ஸ்லிப் ஜொயின்ற்தான், எங்கட அப்பா வில்லுக்கத்தி எண்டு சொல்லுற அந்தப் பழைய சாதி.

லொக் இல்லையெண்டா வேலை குறைவுதானே எண்டு கேக்கிற ஆக்கள் இருக்கினம். லைனர் லொக்கில ஸ்க்ரூ இருக்கு, பிடிக்காட்டி கழட்டிச் சரிக்கட்டித் திருப்பிப் பூட்டலாம். இதில ரிவெற், அதுதான் தலையைத் தட்டி விரிச்சு இறுக்கிற ஆணி, அடிச்சா அடிச்சதுதான், பிறகு திறக்கோணும் எண்டா ட்ரில் பண்ணித்தான் திறக்கோணும்.

அதோட கத்தி எண்டு சொன்ன உடன சனம் அலகைத்தான் பாக்கும், என்ன இரும்பு, எவ்வளவு கூர், மயிர் வழிக்குமா எண்டு. மடக்குக் கத்தியில அலகு பாதி வேலை கூட இல்ல. முதுகில நீட்டுக்குப் படுத்திருக்கே அந்த ஸ்ப்ரிங், அதுதான் கத்தி. அது சரியில்லாட்டி நீங்க என்ன இரும்பு போட்டாலும் அது சும்மா கொளகொள எண்டு ஆடுற தகடு.

எப்பிடி வேலை செய்யுது எண்டு பாக்க புறக்கோட்டையில பேவ்மென்ற்றில விக்கிற மலிவுக் கத்தி ஒண்டை வாங்கி வந்து உடைச்சுப் பாத்தன். உள்ளுக்கு மூண்டு ஆணிதான். ஒண்டு அலகு சுத்துறதுக்கு, மற்ற ரெண்டும் ஸ்ப்ரிங்குக்கு, ஒண்டு வாலில, ஒண்டு நடுவில. ஸ்ப்ரிங்கின்ர மற்ற நுனிக்கு ஆணி இல்ல, அது அலகின்ர அடிக்கட்டையை அமத்திக்கொண்டே இருக்கும். அந்த அடிக்கட்டை, ரங் எண்டு சொல்லுவினம், சதுரமா இருக்கு. அலகைத் திருப்பேக்க சதுரத்தின்ர மூலை ஸ்ப்ரிங்கைத் தூக்குது, மூலை தாண்டினதும் தட்டைப் பக்கம் வர ஸ்ப்ரிங் படார் எண்டு அதில போய் இருக்குது, டக். அவ்வளவுதான் மெக்கானிசம். இங்கிலாந்தில ஷெஃபீல்ட் பக்கம் 17ஆம் நூற்றாண்டிலயே இதைப் பிடிச்சிட்டாங்கள், பட்டறியும் இல்ல சிப்பும் இல்ல, இண்டைக்கும் அதே மூண்டு ஆணி.

ஆனா அவ்வளவுதான் எண்டு சொல்லிட்டு செய்யப் போனாத்தான் தெரியும். திறந்து இருக்கேக்க, பாதியில நிக்கேக்க, மூடி இருக்கேக்க, மூண்டு நிலையிலயும் ஸ்ப்ரிங் பிடியின்ர முதுகோட ஒரே மட்டமா வரோணும், விரலால தடவினா ஒண்டும் தட்டக்கூடாது. ஒரு நிலையில ஸ்ப்ரிங் வெளியில தள்ளிக்கொண்டு நிண்டா ரங்கில அந்தப் பக்கத்தை அரத்தால எடுக்கலாம். ஆனா எடுக்கத்தான் ஏலும், திருப்பி வைக்கேலாது. ஒரு பக்கம் கூட எடுபட்டிட்டா மற்ற ரெண்டையும் அந்த மட்டத்துக்கு இறக்கோணும், அப்பிடியே இறக்கி இறக்கிக் கொண்டு போனா ஸ்ப்ரிங்கில இறுக்கமே இல்லாமப் போயிடும். இதுக்குள்ள மூடேக்க கூர் வாய் போய் ஸ்ப்ரிங்கில முட்டக் கூடாது, அதைத் தாங்க ரங்கில ஒரு சின்ன மேடு விடோணும், அதையும் அளந்துதான் எடுக்கோணும்.

அலகு வேலை பெரிசாச் சொல்ல ஒண்டுமில்ல. பஞ்சிகாவத்தையில லேத் கடை ஒண்டில தேய்ஞ்சு போன பெரிய அரம் ஒண்டு கிடைச்சுது, நல்ல பழைய சாமான். முதல்ல ஒரு நுனியை உடைச்சுப் பாக்கோணும், இப்ப வாற மலிவு அரங்களில சிலதுக்கு மேல்தோல் மட்டும்தான் கடினம், உள்ளுக்குச் சாதாரண இரும்பு, அது கத்திக்குச் சரிவராது. சிவக்கக் காய்ச்சி சாம்பலுக்குள்ள புதைச்சு விட்டா விடிய மெத்து எண்டு இருக்கும், பிறகு கையாலயே ராவி எடுக்கலாம். வெள்ளவத்தை ஃபிளற்றுக்குள்ள நெருப்பு வளர்க்கேலாது, கீழ் வீட்டு அன்ரி பொலிசுக்கே சொல்லிப்போடுவா, அதனால தெஹிவளையில மச்சான் ஒருத்தன்ர வீட்டுப் பின்வளவு. சிரட்டைக்கரி, ஒரு இரும்புக் குழாய், பழைய ஹெயார் ட்ரையர். எங்கட நாட்டிலயே சமனலவெவ பக்கம் ஆயிரம் வருஷத்துக்கும் முதல் தென்மேற்குப் பருவக்காத்தையே துருத்தியாக்கி மலைச்சரிவில உலை வைச்சு நல்ல உருக்கு எடுத்திருக்கினம், 1996ல நேச்சர் சஞ்சிகையில அந்த ஆராய்ச்சி வந்தது, நாங்கள் ஹெயார் ட்ரையரில நிக்கிறம். பழைய ஸ்பீக்கரில கழட்டின காந்தம் ஒண்டைப் பக்கத்தில வைச்சு அலகைக் கொண்டு போய்த் தொட்டுத் தொட்டுப் பாக்கிறது, 770 பாகை அளவில காந்தம் பிடிக்கிறதை விட்டிடும், அதுக்கு மேல இன்னும் ஒரு துளி சூடேத்தி தேங்காய் எண்ணெய்க்குள்ள நேரா இறக்கினா சரி. புகை கண்ணைக் கரிக்கும், எண்ணெய் பத்தவும் செய்யும், மூடி ஒண்டு கையோட வைச்சிருங்கோ. பிறகு அந்தக் கடினத்தைக் கொஞ்சம் தணிக்க, இல்லாட்டி முறியும், அம்மாவின்ர அவணில 200 பாகையில ரெண்டு மணித்தியாலம், ஆறவிட்டுத் திருப்பி ரெண்டு மணித்தியாலம். மினுக்கின இடம் இளம் வைக்கோல் நிறத்துக்கு வந்திட்டுது. அம்மா அண்டைக்குக் கேக் போட இருந்தவ, என்னோட கதைக்கேல்ல.

பிரச்சினை ஸ்ப்ரிங்கில தொடங்கினது.

லொறி ஸ்ப்ரிங் பிளேற் எண்டா நல்ல இரும்புதான், ஊரில மண்வெட்டி, கத்தி எல்லாம் அதிலதான் அடிக்கிறவை. அதைத் தேய்ச்சு மெல்லிசாக்கி வடிவம் வெட்டி காய்ச்சித் தோய்க்கிறது வரைக்கும் ஓகே. ஆனா அலகுக்கு 200 பாகை காணும், ஸ்ப்ரிங்குக்கு 300க்கும் நல்லா மேல போகோணும், அப்பத்தான் வளைஞ்சு திரும்பி வரும். அம்மாவின்ர அவண் 250ல நிண்டிடும். வேற வழியில்லாம கரிக்கு மேல பிடிச்சு நிறம் பாத்து எடுக்க வேண்டியதாப் போச்சு. ஒரு விரல் நீளத் துண்டு, ஒரு நுனி நீலம், நடு ஊதா, மற்ற நுனி அதுக்குள்ள சாம்பல் நிறத்துக்குப் போயிடுது. மெத்தாப் போனது வளைஞ்சா வளைஞ்சபடியே நிக்கும். கடினமா நிண்டது பூட்டித் திறந்து பாக்கேக்க நடு ஆணி ஓட்டையில பட்டெண்டு முறியும். ஒருக்கா முறிஞ்ச துண்டு பறந்து போய் அலுமாரிக் கண்ணாடியில அடிச்சுது, கண்ணாடி தப்பினது ஆண்டவன் புண்ணியம். அதுக்குப் பிறகுதான் கண்ணுக்குக் கண்ணாடி போடாம இந்த வேலைக்கு இருக்கிறேல்ல.

அந்த நேரம் பாத்து 2022, நாட்டின்ர பொருளாதார நெருக்கடி. விளக்கம் சொல்லத் தேவையில்லைத்தானே. பங்குனி கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்ல, கிரைண்டர் போடுவம் எண்டு எழும்பினா கரண்ட் போயிடும், கரண்ட் வாற நேரம் நடுச்சாமம், அந்த நேரத்தில கிரைண்டர் போட்டா முழு ஃபிளற்றும் எழும்பும். காஸ் இல்லாம சனம் கரி அடுப்புக்கு மாறினதால சிரட்டைக்கரியைச் சும்மா விளையாட்டுக்கு எரிக்கவும் மனம் வரேல்ல. முறிஞ்ச ஸ்ப்ரிங் துண்டுகள், அலகு, பித்தளைத் தகடு எல்லாத்தையும் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள்ள போட்டு கட்டிலுக்குக் கீழ தள்ளிட்டன். ஒபினெல் எண்ட பிரெஞ்சு மடக்குக் கத்தி மாதிரி ஸ்ப்ரிங்கே இல்லாமச் செய்து முடிச்சிடுவமோ எண்டும் யோசிச்சன், 1890ல அந்தக் கத்தி வரேக்க அதுக்கு ஸ்ப்ரிங்கும் இல்ல லொக்கும் இல்ல, வெறும் இறுக்கத்திலதான் நிண்டது, பூட்டுற வளையம் 1955லதான் வந்தது. யோசிச்சதோட சரி. அத்தானுக்குப் போன் எடுத்து "உங்களுக்கு ஒரு ஒபினெல்லே வாங்கித் தாறன்" எண்டன். "அது இஞ்ச கடையில இருக்குதடா" எண்டு சொல்லிட்டு வைச்சிட்டார்.

பிறகு அந்தப் பக்கமே போகேல்ல. உண்மையா, விட்டாச்சு எண்டுதான் இருந்தன், சும்மா தள்ளிப்போட்டது இல்ல. வேலை ஆயுதங்களில கொஞ்சத்தைக் கூட ஒரு சிநேகிதனுக்குக் குடுத்திட்டன்.

திருப்பித் தொடங்கினதுக்குக் காரணம் மொறட்டுவ. தங்கச்சிக்கு அலுமாரி ஒண்டு ஓடர் குடுக்கப் போனம், தளபாடம் எண்டா மொறட்டுவதானே, பட்டறைக்குள்ள தச்சு பாஸோட விலை கதைச்சுக் கொண்டு நிக்கேக்க சுவரில பெரிய வட்ட வாள் டிஸ்க் ஒண்டு துருப்பிடிச்சுத் தொங்குது, பல்லெல்லாம் தேய்ஞ்சு போன பழைய சாமான், பல்லில வேற உலோகம் ஒட்டாத முழு உருக்கு. தடிப்பைப் பாத்தன், ரெண்டரை மில்லிமீற்றர் வரும். அந்த டிஸ்க் எப்பிடிப்பட்டது எண்டு யோசிச்சுப் பாருங்கோ, மரத்துக்குள்ள சுத்தேக்க நெளியோணும், நெளிஞ்சாலும் முறியக்கூடாது, திரும்பி நேரா வரோணும். நான் கரிக்கு மேல பிடிச்சு நிறம் பாத்துப் பாத்து எடுக்கத் தவிச்ச அதே பதம், ஃபக்ரரியிலயே போட்டுத் தொங்குது. எனக்கு அலுமாரி மறந்து போச்சு. பாஸிட்ட எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில கேட்டன், அவர் சிரிச்சுப்போட்டு பிளேன்ரீக்குக் காசு வாங்கிக்கொண்டு கழட்டித் தந்தார். தங்கச்சி பஸ்ஸில எனக்குப் பக்கத்தில இருக்க மாட்டன் எண்டிட்டாள்.

இந்த இரும்பை இனிக் காய்ச்சவே கூடாது, அதுதான் முழு விஷயமும். கிரைண்டரால வெட்டேக்க கூட கொஞ்சம் வெட்டுறது, தண்ணிக்குள்ள வைக்கிறது, கொஞ்சம் வெட்டுறது, தண்ணிக்குள்ள வைக்கிறது. ஓரத்தில நீலம் ஓடினா அந்த நீலத்தை அரத்தால எடுத்து எறியோணும், அதனால கீறின கோட்டில இருந்து தள்ளியே வெட்டினன். அரம் பிடிச்சா வழுக்காது, ஆனா முனகிக்கொண்டுதான் இறங்கும். சாதாரண ட்ரில் பிட் முகம் பாக்கவே மறுத்திட்டுது. பழைய சோனகத் தெருவில ஹாட்வெயார் வைச்சிருக்கிற நானா கோபால்ட் பிட் ஒண்டை எடுத்துத் தந்து "தம்பி, இத வேகமா ஓட்டாதீங்க, மெதுவா, எண்ணெய் விட்டு விட்டு, நல்லா அமத்தணும்" எண்டார், அந்த ஒரு வரி நான் பாத்த அத்தனை வீடியோவையும் விடப் பிரயோசனம். ஆணிக்குப் பித்தளை வெல்டிங் கம்பி 3.2 மில்லிமீற்றரும் அங்கயே வாங்கினது, இஞ்சியில எட்டிலொண்டு ஓட்டைக்கு அது மயிரளவு பெரிசு, சேண்ட் பேப்பரில ஒரு சுத்து சுத்தினா இறுக்கமா இறங்கும்.

ரங்கைச் சரிக்கட்டினது தனிக் கதை. ரெண்டு ஆணி அடிச்ச ஒரு தட்டு, மேல மயிரளவு ஏற்ற இறக்கத்தையும் ஊசியால காட்டுற ஒரு டயல் கேஜ், அது இரவல். கத்தியை ஆணியில கோத்து, திறந்து ஒரு அளவு, பாதியில ஒரு அளவு, மூடி ஒரு அளவு. ஊசி மூண்டு தரமும் ஒரே இடத்தில நிக்கோணும். ரங்கின்ர தட்டைப் பக்கங்களில நீல மாக்கரால பூசிட்டு ஒருக்கா திறந்து மூடிக் கழட்டிப் பாத்தா ஸ்ப்ரிங் எங்க உரசுதோ அங்க மை அழிஞ்சு பளபள எண்டு ஒரு கோடு. முதல் பாத்த நேரம் அந்தக் கோடு பக்கத்தின்ர ஒரு ஓரத்தில மட்டும், அதாவது பக்கம் சரிவா இருக்கு. ஊசி அரத்தால அந்த ஓரத்தில ஒரு இழுப்பு, அரத்தைத் தள்ளுறதுகூட இல்ல, அதின்ர பாரத்திலயே வழுக்க விடுறது, திருப்பி மை, திருப்பிப் பூட்டு, திருப்பிக் கழட்டு. கோடு கொஞ்சம் கொஞ்சமா அகலிச்சு அகலிச்சு பக்கம் முழுக்கப் பரவி வரும், அதைப் பாக்கிறது ஒரு தனி விசர். சாப்பிடக் கூப்பிட்டது கேக்கேல்ல எண்டு அம்மா சொல்லுறா, அவ கூப்பிட்டவவா எண்டே எனக்குத் தெரியாது.

திறந்த நிலையும் பாதியும் ஊசி அசையாம வந்திட்டுது. மூடின நிலையில இப்பவும் ஒரு துளி, நகத்தை ஓட்டினா மட்டும் தட்டுப்படும். அதை இறக்க வெளிக்கிட்டா மற்ற ரெண்டையும் இறக்கோணும், இறுக்கம் குறையும். விட்டிட்டன். டக் சத்தமா மட்டமா எண்டு வந்தா எனக்கு டக்தான் முக்கியம், மட்டம் பாக்கிற ஆக்கள் கோவிக்கலாம்.

ரிவெற் அடிக்கிறதுக்கு லொத்தர் ரிக்கெற் ஒண்டு வேணும், பகிடி இல்ல. அலகுக்கும் பித்தளைத் தகட்டுக்கும் இடையில ஒரு தாள் தடிப்பு இடைவெளி இல்லாட்டி ஆணியை அடிச்சு இறுக்கினதும் அலகு நெரிபட்டு நிண்டிடும். விழாத லொத்தர் ரிக்கெற்றில ஒரு பிளவு வெட்டி ஆணியைச் சுத்திச் செருகி, எண்ணெய் விட்டு, செட்டியார் தெருவில வாங்கின தட்டார் சுத்தியலால அடிச்சன். அடிச்சன் எண்டும் சொல்லேலாது, பிள்ளையைத் தட்டி நித்திரையாக்கிற மாதிரி, சுத்திச் சுத்தி. பித்தளை மெல்ல விரிஞ்சு தகட்டில குடைஞ்சு வைச்ச பள்ளத்தை நிரப்பும், மேல ராவி மினுக்கினா ஆணி எங்க எண்டே தெரியாது. பிறகு ரிக்கெற்றைப் பிச்சு இழுத்தா அலகு ஆடாமலும் இறுகாமலும் சுத்தும். சுத்திச்சுது.

பிடிக்குப் போட்டது யாழ்ப்பாணத்தில எங்கட பழைய வீட்டுக் கூரையைப் பிரிக்கேக்க எடுத்து வைச்ச பனை வளைத் துண்டு. பனையில கறுப்பு நார் இரும்பு மாதிரிக் கடினம், இடையில இருக்கிறது மெத்து, அதால அரம் பிடிச்சா நார் நாராக் கிளம்பிக் கையில ஏறும். மெல்லிய சுப்பர் குளூவை ஊற விட்டு, காய்ஞ்சாப் பிறகு ராவி, திருப்பி ஊற விட்டு, அப்பிடித்தான் படிய வைச்சது. கறுப்பில கபிலக் கோடு நீட்டுக்கு ஓடுது, கருங்காலியை விட எனக்கு இது பிடிச்சிருக்கு. ஊர்ப் பாசம் எண்டு வேணுமெண்டாச் சொல்லுங்கோ.

சாணைக்கல்லில பிடிச்சு, வீரகேசரி தாள் ஒண்டில ஓட்டிப் பாத்து, அதுக்குப் பிறகு கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒண்டு வெட்டினன். வெட்டின கையோட அலகு சாம்பல் நீலமா மாறிட்டுது, இது ஸ்ரெயின்லெஸ் இல்லைத்தானே, புளிப்புப் பட்டா அப்பிடித்தான், அந்த நிறம் பிறகு துருவையும் கொஞ்சம் தடுக்கும். ஆனா வெள்ளவத்தைக் கடல் காத்துக்கு அது காணாது, ஒரு இரவு எண்ணெய் பூசாம மேசையில வைச்சா விடிய செம்மஞ்சள் புள்ளி. லண்டனில அந்தக் கரைச்சல் குறைவா இருக்கும்.

அத்தான் இந்த முறை வந்த உடன குடுத்தன். கையில நீட்டப் போக அம்மா பறிச்சு மேசையில வைச்சு, "கத்தியைக் கைக்குக் கை குடுக்கிறதே" எண்டு ஏச்சு. அவர் எடுத்து டக் டக் எண்டு திறந்து மூடித் திறந்து மூடி, அக்கா "இனி ஒருக்கா அந்தச் சத்தம் கேட்டா கடலுக்குள்ள எறிவன்" எண்டு சொல்லுற வரைக்கும் விடேல்ல. மூடின நிலையில அந்தத் துளியை அவர் கவனிக்கேல்ல, நானும் சொல்லேல்ல. திரும்பிப் போகேக்க கைப் பைக்குள்ள வைக்காம லக்கேஜுக்குள்ள போடச் சொல்லியிருக்கு, இவர் மறக்கிற ஆள்.

டிஸ்க்கில இன்னும் நிறைய இடம் மிச்சம் இருக்கு. அடுத்தது பாதி டக் இல்லாம வட்ட ரங் வைச்சுச் செய்து பாப்பம் எண்டு ஒரு எண்ணம், அளக்க வேண்டிய நிலை ரெண்டாக் குறையுமாம். சிநேகிதனிட்டப் போய் ஆயுதங்களைத் திருப்பிக் கேக்கிறதுதான் இப்ப வெக்கமாக் கிடக்கு.